பழைய கண்ணாடி அலமாரியை மீட்டெடுப்பது: கடையில் தட்டிப் பார்ப்பதிலிருந்து கூடத்தில் நிறுத்துவது வரை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, ரவி வர்மா அச்சுப்படம் என்று வாசல்வரை இறங்கிக் கிடக்கும் சாமான்களுக்கு நடுவே எனக்கு அகப்பட்டது ஒரு கண்ணாடி அலமாரி. ஐந்தடி உயரம், மூன்றடி அகலம், நான்கு தட்டு, இரண்டு கதவு. உடம்பு முழுக்க நீல எனாமல் பெயிண்ட். ஒரு கதவில் கண்ணாடி இல்லை, ஒரு கால் குட்டை. 18,000 ரூபாய் சொன்னார்கள். பேசி 14,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

அதைக் கூடத்தில் நிறுத்த இரண்டு மாதம் ஆயிற்று. அதில் மூன்று வாரம் என் தவற்றை நானே திருத்தியதில் போனது. அந்த மூன்று வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் ஒரே கணக்கு: செய்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாத வேலை எதுவோ, அதைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள்.

கடையில்: முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் போங்கள். கையில் ஒரு டார்ச், ஒரு பேனாக் கத்தி, ஒரு அளவு நாடா போதும். தட்டுகளில் இருக்கும் சாமான்களை இறக்கச் சொல்லி, அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி, முதலில் பின்பலகையைப் பாருங்கள். முன்பக்கத்தைக் கடைக்காரர் உங்களுக்காகத் தயார் செய்திருப்பார். பின்பக்கத்துக்கு அந்த மரியாதை பெரும்பாலும் கிடைத்திருக்காது. பின்பலகை பிளைவுட்டாக இருந்தால் யாரோ பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள். அதனால் வேண்டாம் என்று தள்ளவேண்டியதில்லை, விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது திருகாணிகள். கூட்டல் குறி போட்ட தலை கொண்ட ஆணிக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1936-இல்தான். நம் ஊர்ப் பட்டறைகளுக்கு அது வந்து சேர இன்னும் காலம் பிடித்தது. ‘நூற்றைம்பது வருஷத்துச் சாமான்’ என்று சொல்லப்படும் அலமாரியின் கீலில் அந்த ஆணி இருந்தால், கீலாவது பிற்காலத்தில் கழற்றி மாட்டப்பட்டது. எல்லா இடத்திலும் அதே ஆணி என்றால் கதையையே கொஞ்சம் சந்தேகப்படலாம்.

இன்னொரு வகை உண்டு. இடித்த வீட்டின் கதவுச் சட்டங்களை அறுத்து அலமாரியாகச் சேர்த்திருப்பார்கள். மரம் பழையது, அலமாரி புதியது. இதில் மோசடி எதுவும் இல்லை, சொல்லி விற்கும்வரை. கண்டுபிடிப்பது எளிது: தாழ்ப்பாளுக்கு வேலையே இல்லாத இடத்தில் தாழ்ப்பாள் துளையை அடைத்த தடம் இருக்கும். வெயில் மழை பட்ட வரிகள் அலமாரியின் உட்பக்கத்தில் இருக்கும்.

மரத்தை அறிய, கண்ணுக்குத் தெரியாத மூலையில் கத்தியால் நகக்கண் அளவு சுரண்டுங்கள். தேக்கு என்றால் பொன்னிறம் கலந்த பழுப்பு தெரியும், விரலில் லேசாக எண்ணெய்ப் பசை தட்டும், தோலின் வாடை போல ஒரு வாசம் வரும். தேக்கு என்ற பெயர் மட்டும் போதாது. மரத்தின் நடுப்பகுதியான வைரமா, ஓரத்து வெளிறா என்று பாருங்கள். வைரத்தைப் பூச்சி அவ்வளவு எளிதில் தொடாது. வெளிறு பூச்சிக்குச் சோறு. பழைய தேக்குச் சாமானில் உளுத்த இடங்கள் பெரும்பாலும் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த வெளிற்றில்தான் இருக்கும்.

கடைசியாக, மேல்மூலையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆடினால் மூட்டுகளில் பசை விட்டிருக்கிறது. இதற்குப் பயந்து திரும்பிவிடாதீர்கள். பசை விட்ட மூட்டுதான் இருப்பதிலேயே எளிதான வேலை, பேரத்துக்கும் நல்ல பிடி. செதுக்கு வேலைப்பாடு உடைந்து காணாமல் போயிருப்பதுதான் செலவு வைக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பும் எண்ணத்தில் வாங்குகிறவர்கள் கவனிக்க: நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது.

முதல் வாரம்: கை வைக்காதீர்கள்

வீட்டுக்கு வந்ததும் அலமாரியை மற்ற மரச்சாமான்களோடு சேர்க்காமல் தனியாக ஒரு நிழலான இடத்தில் நிறுத்துங்கள். அடியிலும் தட்டுகளிலும் கறுப்புக் காகிதம் விரியுங்கள். ஒரு வாரம் கழித்துக் காகிதத்தில் வெளிர்மஞ்சள் தூள் சின்னச் சின்னக் குவியலாக விழுந்திருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. தூள் இல்லை, துளைகளின் விளிம்பும் கறுத்திருக்கிறது என்றால் அது பழைய கதை. ஒரு வாரச் சோதனையை முழுத் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். வேலை நடக்கும் காலம் முழுக்கக் காகிதம் அடியிலேயே இருக்கட்டும்.

‘நாலு நாள் வெயிலில் போட்டால் பூச்சி செத்துவிடும்’ என்று யாராவது சொல்வார்கள். எனக்கு மூன்று பேர் சொன்னார்கள். உச்சி வெயிலில் போட்டால் பூச்சிக்கு முன்னால் பலகைதான் வெடிக்கும்.

இந்த வாரத்தில் செய்யவேண்டியது படம் எடுப்பது. ஒவ்வொரு மூட்டு, கீல், கண்ணாடியைப் பிடித்திருக்கும் மெல்லிய மரப்பட்டியான பீடிங் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு தட்டுகளைக் கழற்றி, காகித டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். கையால் செய்த அலமாரியில் நான்கு தட்டும் நான்கு அளவில் இருக்கும். இரண்டாவது தட்டு மூன்றாவது இடத்தில் உட்காராது.

நான் எண் எழுதத் தட்டைத் திருப்பியபோது அடிப்பக்கத்தில் பெயிண்ட் இல்லை, ஒட்டடையும் அழுக்கும்தான். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்ததும் தச்சரின் தடித்த பென்சில் கோடு தெரிந்தது. ‘2 தட்டு. கிழக்கு அறை.’ எனக்கு முன்பே ஒருவர் எண் போட்டிருக்கிறார். எந்த வீட்டின் கிழக்கு அறை என்பதற்கு இனி விடை கிடைக்காது. டேப்பை அந்தத் தட்டில் மட்டும் ஒட்டவில்லை.

பெயிண்டை எடுப்பது

பெயிண்டுக்கு அடியில் என்ன பூச்சு இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் பஞ்சை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்து அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துப் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால் அது அவலரக்குப் (ஷெல்லாக்) பூச்சு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர் என்ற பூச்சு. இரண்டுக்கும் மசியாவிட்டால் வார்னிஷோ பாலியூரித்தேனோ. அவலரக்கு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: மேலே உள்ள பெயிண்ட் மரத்தின் துவாரங்களுக்குள் இறங்கியிருக்காது, பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும்.

அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்கு என்று கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய எனாமலில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துப் புழுதி கிளப்புவதும், சூடான காற்றடிக்கும் கருவியால் கருக்குவதும் கூடாது. என்95 முகக்கவசம், கையுறை, திறந்த இடம் மூன்றும் கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம். சுரண்டிய பெயிண்டை மடித்துக் கட்டித்தான் அப்புறப்படுத்த வேண்டும், தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

பெயிண்ட் கடையில் கிடைக்கும் கூழ் வடிவப் பெயிண்ட் ரிமூவரை ஒரு சாண் அகலத்துக்குத் தடவி, பதினைந்து நிமிடம் விட்டு, பெயிண்ட் சுருங்கி எழும்பியதும் மழுங்கிய தகட்டால் மர வரி ஓடும் திசையிலேயே வழியுங்கள். செதுக்கு இடுக்குகளுக்கு மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஊசி கோடு போடும். முடிந்த இடத்தைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் அலுப்புத் தட்டாது.

என் தவறு இங்கேதான் நடந்தது. ஒரு பட்டறையில் காஸ்டிக் சோடாத் தொட்டி இருந்தது. ‘காலையில் போட்டால் மாலையில் மரம் பளிச்சென்று வந்துவிடும்’ என்றார்கள். ஒரு கதவை மட்டும் கொடுத்தேன். மாலையில் பெயிண்ட் சுத்தமாகப் போயிருந்தது. கூடவே தேக்கின் பொன்னிறமும் போய், ஊறவைத்த புளியின் நிறத்தில் இருந்தது கதவு. நான்கு மூலையிலும் பசை கரைந்து, தூக்கியபோது சட்டம் சாய்சதுரமானது. காஸ்டிக் சோடா வைரத்தில் உள்ள சத்துகளோடு வினைபுரிந்து மரத்தைக் கறுக்க வைக்கும் என்பதை அப்புறம்தான் படித்தேன். வினிகர் கலந்த தண்ணீரில் பலமுறை கழுவி, இரண்டு வாரம் நிழலில் உலர்த்தி, ஆக்சாலிக் அமிலக் கரைசலால் வெளுத்து, ஓரளவு இணக்கமான நிறத்துக்குக் கொண்டுவந்தேன். இன்றும் வலப்பக்கக் கதவு இடப்பக்கத்தைவிட ஒரு பிடி கறுப்பு. வருகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிகிறது.

பெயிண்ட் போன பிறகு மெஷினால் தேய்க்கும் ஆசை வரும். வேண்டாம். பழைய மரத்தின் நிறம் மயிரிழை ஆழம்தான் இருக்கிறது. மெஷின் அதை ஒரே நிமிடத்தில் சீவிவிடும், விளிம்புகளையும் மழுக்கிவிடும். 180 எண் உப்புத்தாள், பிறகு 220, கையால், வரியோடு. கீறலும் சூட்டு வட்டமும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பூச்சி மருந்துக்கு இதுதான் நேரம். பெயிண்டோ பாலிஷோ இருக்கும்போது மருந்து உள்ளே இறங்காது. ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் அமிலம் கரைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெற்று மரத்தில் இரண்டு முறை பூசுங்கள். துளைகளில் ஊசிக் குழாயால் செலுத்துங்கள். வாயில் படாமல் கையாளவேண்டிய பொருள் இது, சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள். நன்றாக உலர ஒரு வாரமாவது விடுங்கள். வேப்பிலையும் வசம்பும் துணிமணிக்குச் சரி, மரத்துக்குள் குடைந்து உட்கார்ந்திருக்கும் புழுவை அவை எட்டுவதில்லை.

மூட்டுகள்

பழைய தச்சர்கள் பயன்படுத்திய பசை வச்சிரம்: தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அதன் அருமை, சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுத்துவிடும். நூறு ஆண்டு கழித்து வரும் தச்சர் உடைக்காமல் கழற்றுவதற்கு அதில் வழி இருக்கிறது.

ஆடாத மூட்டைக் கழற்றாதீர்கள். ஆடுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மூட்டின் குறுக்கே மூங்கில் ஆணி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மெல்லிய பக்கத்திலிருந்து தட்டி வெளியே எடுங்கள். இதைப் பார்க்காமல் சட்டத்தை அடித்தால், துளைக்குள் செருகியிருக்கும் முனையான கழுந்து முறியும். பிறகு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூட்டில் சுற்றி அரைமணி வைத்து, நடுவில் ஒரு மரத்துண்டைக் கொடுத்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) மெல்லத் தட்டுங்கள்.

கழுந்திலும் துளையிலும் இருக்கும் பழைய பசையை முழுக்கச் சுரண்டுங்கள். புதுப் பசை, அதிலும் வெள்ளைப் பசை, பழைய பசைமேல் சரியாகப் பிடிக்காது. பழுது பார்த்த மூட்டு மீண்டும் விட்டுப்போவதற்கு எனக்குத் தெரிந்து முதல் காரணம் இதுதான். கழுந்து தேய்ந்து தளர்ந்திருந்தால் மெல்லிய தேக்குச் சீவலை ஒட்டித் தடிமனாக்குங்கள். லப்பத்தால் நிரப்பவேண்டாம்.

வச்சிரம் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்: இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, ஏறத்தாழ 60 டிகிரி சூட்டில் இளக்கவேண்டும். கொதித்தால் வலு போய்விடும். கிடைக்காவிட்டால் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை. அதுவும் பிடிக்கும், ஆனால் பிற்காலத்தில் கழற்றுவது பாடு.

நீள கிளாம்ப் இல்லையென்று கவலைப்படாதீர்கள். என் வீட்டுக்கு வந்த வயதான ஆசாரி தேங்காய் நார்க் கயிற்றைச் சட்டத்தைச் சுற்றி இரண்டு வரி கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். மூலைகளில் பழைய செருப்புத் தோல்.

‘‘போதுமா ஆசாரி?’’ என்றேன்.

‘‘அளந்து பாருங்கள் தம்பி. கண் பொய் சொல்லும்’’ என்றார்.

இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தேன். ஒன்று அரை அங்குலம் கூடுதல். கயிற்றை ஒரு பக்கம் நகர்த்தி முறுக்கி இரண்டையும் சமமாக்கிய பிறகுதான் குச்சியைக் கட்டினார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் மூலைமட்டத்தில் இருக்கிறது. கதவு தானாகச் சேரும்.

கதவுச் சட்டத்துக்குள் மரப்பலகை இருந்தால், அந்தப் பள்ளத்தில் பசை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பலகை விரியும், கோடையில் சுருங்கும். ஒட்டிவிட்டால் நடுவில் பிளந்துகொள்ளும்.

சின்ன ஓட்டைகளுக்கு மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது நம் ஊர் வழக்கம். காய்ந்தபின் பாலிஷ் போட்டால் அந்த இடம் கறுப்புப் பொட்டாகத் தெரியும். தேன்மெழுகை இளக்கிக் காவிப்பொடி கலந்து, பாலிஷ் முடிந்த பிறகு அடைப்பது மேல். பிடிக்காவிட்டால் நகத்தால் எடுத்துவிடலாம்.

கண்ணாடியும் பித்தளையும்

கண்ணாடிக்கு எதிரே நின்று தலையை ஆட்டிப் பாருங்கள். பின்னால் உள்ள பொருள் நெளிந்தால், உள்ளே குமிழ் தெரிந்தால், அது பழைய கண்ணாடி. பழுதில்லாத சமதளக் கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் முறையை இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது 1959-இல். அதற்கு முந்திய நெளிவு இன்று எந்தக் கடையிலும் வெட்டித் தரமாட்டார்கள். கீறல் இருந்தாலும் மாற்றாதீர்கள். இல்லாத கதவுக்கு 4 மி.மீ. கண்ணாடியை, இடைவெளியைவிட நீளத்திலும் அகலத்திலும் 2 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் டஃபன்டு (சூடேற்றி வலுவூட்டிய) கண்ணாடி நல்லது, அதைப் பிறகு வெட்ட முடியாது என்பதால் அளவை இருமுறை சரிபாருங்கள்.

பித்தளைக் கைப்பிடியைக் கழற்றித்தான் புளி போட்டுத் தேய்க்கவேண்டும். மரத்தில் இருக்கும்போது தேய்த்தால் சுற்றிலும் கறை வட்டம் விழும். இரும்பு ஆணியைச் சுற்றி ஏற்கெனவே மை போலக் கறை இருந்தால், ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கலந்து தூரிகையால் தடவி, பிறகு நல்ல தண்ணீரால் பலமுறை துடைத்தெடுங்கள். இது நஞ்சு, கையுறையோடு கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியுங்கள்.

பாலிஷ்

காட்சி அலமாரியில் சூடான டம்ளரை யாரும் வைப்பதில்லை. அதனால் சாப்பாட்டு மேசைக்கு நான் சொல்லத் தயங்கும் அவலரக்கை இதற்குத் தயங்காமல் சொல்கிறேன். பாலியூரித்தேன் உறுதியானதுதான். ஆனால் பிளாஸ்டிக் உறை போட்டது போல நிற்கும், ஓரிடத்தில் அடிபட்டால் முழுவதையும் சுரண்டவேண்டும். அவலரக்கில் பழைய பூச்சின்மேல் புதியது கரைந்து ஒன்றாகிவிடும்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அவலரக்கு. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, இடையிடையே குலுக்கி, மறுநாள் வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அடுப்பில் வைத்துக் கரைக்க நினைக்காதீர்கள். ஸ்பிரிட் குப்பென்று பற்றும். பூஜை விளக்கு எரியும் அறையில் பாலிஷ் போடவும் கூடாது. கரைத்ததை ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், பழையது காயாமல் பிசுபிசுக்கும்.

பலமுறை துவைத்த வேட்டித் துணியில் பஞ்சை வைத்து எலுமிச்சை அளவுக்கு முடிச்சாகப் பிடியுங்கள். பஞ்சில் பாலிஷை ஊற்றி, துணி வழியே கசியும் அளவுக்கு மட்டும் பிழியுங்கள். விமானம் தரையிறங்குவது போலப் பலகையின் ஓரத்திலிருந்து கையை ஓட்டிக்கொண்டே வந்து தொட்டு, நிற்காமல் மறு ஓரத்தில் எடுத்துவிடுங்கள். நடுவில் கை நின்றால் அந்த இடத்தில் துணியின் அச்சு விழும். போன இடத்துக்கு உடனே திரும்பப் போகாதீர்கள். முதல் மூன்று பூச்சு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணிநேரம் இடைவெளி, பிறகு 400 எண் உப்புத்தாளால் லேசாக ஒரு வருடல், மறுநாள் மீண்டும் இரண்டு மூன்று பூச்சு. முடிச்சு இழுக்கத் தொடங்கினால் அதன் முகத்தில் லிக்விட் பாரஃபின் ஒரே ஒரு சொட்டு.

ஈரக்காற்று அடிக்கும் நாளில் இதைத் தொடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாகக் கடற்கரை ஊர்களில், பூச்சு பால் தெளித்ததுபோல் வெளுத்துப் பூத்துவிடும். மாசியிலிருந்து சித்திரைவரை காலை பத்து மணிக்கு மேல் என் கணக்கில் நல்ல நேரம். பூத்துவிட்டால் பதற்றம் வேண்டாம்: வறண்ட நாளில் ஸ்பிரிட்டை மட்டும் லேசாக நனைத்த முடிச்சால் ஒருமுறை ஓட்டினால் தெளிந்துவிடும்.

இரண்டாவது தட்டின் அடிப்பக்கத்தில் மட்டும் முடிச்சை ஓட்டவில்லை. பென்சில் எழுத்து கலைந்துவிடும்.

நிறுத்துவது

சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள், இரண்டு அங்குலமாவது விடுங்கள். ஓதம் இறங்கும் சுவர் என்றால் வேறு சுவர் பாருங்கள். ஏ.சி. காற்று நேராகப் படும் இடமும் மேற்கு வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம். ரசமட்டம் வைத்து, குட்டைக் காலின் அடியில் தேக்குத் துண்டு கொடுத்துச் சமன் செய்யுங்கள். கதவு தானாகத் திறந்துகொண்டால் கீலைக் குறைசொல்லும் முன் தரையைப் பாருங்கள்.

உயரமான அலமாரியைச் சுவரோடு கட்டியே ஆகவேண்டும். கண்ணாடிக் கதவைத் திறந்து கீழ்த்தட்டில் ஒரு பிள்ளை ஏறினால் அது முன்னால் சாய்ந்துவிடும். பின்சட்டத்தில் மேலே இரண்டு இடத்தில் எல் வடிவத் தகடு, தகட்டுக்கு இரண்டு திருகாணி; சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்து அதில் திருகாணி. மரத்தில் நான் போட்ட புதுத் துளைகள் இந்த நான்கு மட்டுமே.

பித்தளை அண்டாவும் வெண்கலப் பாத்திரமும் கீழ்த்தட்டுக்கு, மற்றவை மேலே. தட்டின் தொய்வுக்கு ஒரு கணக்கு உண்டு: அதே பாரத்துக்கு, தாங்கலுக்குத் தாங்கல் நீளம் இரட்டிப்பானால் நடுத்தொய்வு எட்டு மடங்காகும். அதாவது மூன்றடித் தட்டின் பின்பக்கம் நடுவில் ஒரு தாங்கு குச்சி வைத்தாலே பெரிய விடுதலை. உள்ளே விளக்கு வேண்டுமென்றால் மஞ்சள் ஒளி எல்.இ.டி. பட்டையை முன்சட்டத்தின் உட்புறம் ஒட்டுங்கள். வயருக்காகப் பின்பலகையைத் துளைக்காமல், ஏற்கெனவே இருக்கும் பூச்சித் துளையை ஆசாரியிடம் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னேன்.

ஆடி மாதம் ஒருமுறை சாமான்களை இறக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, தேன்மெழுகுப் பாலிஷ் ஒரு கை தேய்க்கிறேன். அப்போதே கறுப்புக் காகிதத்தை ஒரு வாரம் விரித்து வைப்பதும் உண்டு. இந்த ஆண்டு மூன்றாம் நாளே கீழ்த்தட்டுக் காகிதத்தில் வெளிர்மஞ்சள் தூள் கிடந்தது. நெஞ்சு பக்கென்றது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மண்டியிட்டு ஒவ்வொரு சட்டமாகத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தூளை விரலில் தொட்டு முகர்ந்தேன். பேரன் ஒளித்துவைத்திருந்த பிஸ்கட்.